‘பெர்மிட் எடுத்துத் தருகிறேன்’ என்பவரை எப்போது நம்பலாம்?

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு தேநீர்க் கடையில் அண்மையில் ஓர் இளைஞரைச் சந்தித்தேன். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். பினாங்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. “அடுத்த வாரம் பெர்மிட் வந்துரும்னு ஏஜெண்டு சொல்லியிருக்காருக்கா. அதுக்கப்புறம் பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை. பாஸ்போர்ட்டு அவர்கிட்டதான் இருக்கு” என்றார். கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினார். அதில் இருந்தது 30 நாள் வருகை அனுமதி. அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் மூன்று சிக்கல்கள் இருந்தன. ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

முதலாவது, சுற்றுப்பயணியாக வந்தவரின் வருகை அனுமதி இங்கேயே வேலை பெர்மிட்டாக மாறாது. இரண்டாவது, பெர்மிட் எடுத்தாலும் இந்தியக் குடிமக்கள் தொழிற்சாலைத் துறையில் வேலை செய்யக் குடிநுழைவுத் துறையின் விதி இடம் தரவில்லை. தோட்டம், விவசாயம், உணவகச் சமையல், முடிதிருத்தம், ஜவுளி, பொற்கொல்லர் தொழில், பழைய இரும்பு மறுசுழற்சி, உயர் அழுத்த மின்கம்பி அமைப்பு போன்ற சில துறைகளே அவர்களுக்குத் திறந்தவை. மூன்றாவது, ஒருவருடைய கடப்பிதழை இன்னொருவர் பிடித்து வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அதற்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். முதலாளி பிடித்து வைத்தாலும் ஏஜெண்டு பிடித்து வைத்தாலும் சட்டம் ஒன்றுதான்.

ஒன்பது நாளில் அவருடைய அனுமதி முடியும். அதற்கு மேல் தங்கினால், குறைந்தது 10,000 வெள்ளி அபராதம் அல்லது 5 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது 1959/63 குடிநுழைவுச் சட்டம். பணம் வாங்கியவர் அப்போதும் வெளியில்தான் இருப்பார். ஜூரு தடுப்பு முகாமுக்குப் போகப் போவது இந்தப் பையன்.

கதவு திறந்தது, வழி மாறியது

இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் தங்கும் சலுகை 2023 டிசம்பர் 1-இல் தொடங்கியது. பின்னர் அது 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. 2024 டிசம்பர் 21-இல் இண்டிகோ நிறுவனம் சென்னை - பினாங்கு நேரடி விமானச் சேவையைத் தொடங்கியது. ‘சிதம்பரம்’ கப்பல் நின்ற பிறகு வட மாநிலத் தமிழர்கள் பல ஆண்டுகள் கேட்டுக் கொண்டிருந்த நேரடித் தொடர்பு இது. கோயில் பயணம், திருமணம், மருத்துவம், வியாபாரம் என்று நமக்கெல்லாம் நல்ல செய்திதான்.

ஆனால் அதே கதவைத் தரகர்களும் பயன்படுத்திக் கொள்கிறார்கள். முறையாக வேலைக்கு வருகிறவர் வேறு வழியில் வர வேண்டும். முதலாளி முதலில் ஆள் எண்ணிக்கைக்கான அங்கீகாரம் பெற வேண்டும். பிறகு லெவி கட்டி, குறிப்பிட்ட தொழிலாளரின் பெயரில் விசா ஒப்புதல் வாங்க வேண்டும். அதைக் காட்டி, தொழிலாளர் புறப்படும் முன்பே தமது நாட்டில் உள்ள மலேசியத் தூதரகத்தில் விசா பெற வேண்டும். இங்கே வந்து மருத்துவப் பரிசோதனையில் தேறிய பின்னரே தற்காலிக வேலை பெர்மிட் கிடைக்கும்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் மலேசியாவுக்கு வேலைக்கு வர இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதியும் தேவை. அங்கே பதிவு பெற்ற முகவர் ஒரு தொழிலாளரிடம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே வாங்கலாம். 10 இலட்சம் ரூபாய்க் காப்புறுதியும் உண்டு. சுற்றுப்பயணி போல விமானம் ஏறியவருக்கு இவை எதுவும் கிடையாது. சென்னை விமான நிலையத்திலேயே அந்தப் பாதுகாப்பு அறுந்து விடுகிறது.

உதவி தேவையே இல்லையா?

ஏஜெண்டு என்றாலே திருடன் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. உண்மை நிலை அப்படியில்லை.

பட்டர்வொர்த்தில் இரண்டு நாற்காலி போட்டு முடிதிருத்தும் கடை நடத்துகிறவரை நினைத்துப் பாருங்கள். முடிதிருத்தம், ஜவுளி, பொற்கொல்லர் ஆகிய மூன்று தொழில்களுக்கும் 2009 முதல் அந்நியத் தொழிலாளர் அனுமதி முடக்கப்பட்டிருந்தது. 2023 செப்டம்பரில் அப்போதைய மனிதவள அமைச்சர் வ.சிவகுமார், தொழிலுக்கு 2,500 பேர் வீதம் 7,500 பேருக்கு அமைச்சரவை இணங்கியதாக அறிவித்தார். ஆனால் அதே ஆண்டு மார்ச் மாதமே எல்லாத் துறைகளுக்கும் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. 2025 ஆகஸ்ட்டில் உள்துறை அமைச்சர் டத்தோஸ்ரீ சைஃபுடின் நசுத்தியோன், தோட்டம், விவசாயம், சுரங்கம் ஆகிய துறைகளுக்கும் உணவகம், சலவை, பழைய இரும்பு உள்ளிட்ட சில உட்பிரிவுகளுக்கும் ஆண்டு இறுதி வரை விண்ணப்பம் திறக்கப்படும் என்றார். விண்ணப்பம் அந்தந்தத் துறையின் அரசாங்க முகமை வழியாக வர வேண்டும், ஏஜெண்டு வழியாக வரக் கூடாது என்பதும் அந்த அறிவிப்பில் இருந்தது.

திறப்பது, மூடுவது, மறுபடி திறப்பது. எல்லாம் இணையத்தில், மலாயிலும் ஆங்கிலத்திலும். காலை எட்டு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு மூடுகிறவர் இதையெல்லாம் எப்போது படிப்பார்? அவருக்கு உதவி தேவை. அந்தத் தேவைதான் தரகருக்குப் பிழைப்பு.

சட்டமும் அந்த உதவிக்கு இடம் வைத்திருக்கிறது. 1981-ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு முகமைச் சட்டத்தின்படி, அந்நியத் தொழிலாளரைச் சேர்த்துவிட ‘சி’ வகை உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் அந்தத் தொழிலை நடத்தினால் 200,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் தீபகற்ப மலேசியத் தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் பார்ப்பவர்கள் குறைவு. “நம்ம ஊர்க்காரர், தெரிஞ்சவர்” என்ற ஒரு சொல் உரிமத்துக்குப் பதிலாகி விடுகிறது.

பழைய பாடம் ஒன்றும் இருக்கிறது. 2016 முதல் 2018 வரை நடந்த மறுவேலைத் திட்டத்தில் பத்திரமில்லாத தொழிலாளர் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். அவர்களில் பெர்மிட் பெற்றவர்கள் சிறு பகுதியினரே. போலி ஏஜெண்டுகளிடம் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் பற்றிய புகார்கள் குவிந்தன. அதனால்தான் 2023-இல் வந்த ஆர்.டி.கே. 2.0 திட்டத்தில் ஏஜெண்டு எவரும் நியமிக்கப்படவில்லை, முதலாளியே நேரில் வர வேண்டும் என்று குடிநுழைவுத் துறை திரும்பத் திரும்பச் சொன்னது. அப்போதும் “எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது” என்று பணம் பிடித்தவர்கள் இருந்தார்கள்.

ஏஜெண்டை ஒதுக்கி வைத்தால் மட்டும் போதாது என்பதை அது காட்டியது. நம்பகமான உதவி இல்லாத இடத்தில் பொய்யான உதவி வந்து உட்கார்ந்து கொள்ளும்.

ஒரே ஊர், இரண்டு வரிசை

இதே பினாங்கில் இன்னொரு வகைக் குடியேறிகளும் இருக்கிறார்கள். ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டத்தில் வருகிறவர்கள். 2024-இல் திருத்தப்பட்ட விதிப்படி, அதன் வெள்ளிப் பிரிவுக்கே 150,000 அமெரிக்க டாலர் வைப்புத் தொகை வேண்டும். வீடும் வாங்க வேண்டும். அவர்கள் விண்ணப்பிப்பது சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்ற நிறுவனம் வழியாக மட்டுமே. யார் முகவர் என்பது பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தம் இருக்கிறது. ரசீது இருக்கிறது.

கர்னி டிரைவ் அடுக்குமாடியில் குடியேறுகிறவருக்குக் கிடைக்கும் அந்த ஒழுங்கு, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்து உணவகத்தில் ரொட்டி சுடுகிறவருக்குக் கிடைப்பதில்லை. அவருடைய ஒப்பந்தம் வாய்ச்சொல். ரசீது ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு.

நம் குடும்பத்துக் கதைதான்

“அது அந்நியத் தொழிலாளர் பிரச்சினை, நமக்கென்ன?” என்று சிலர் கேட்கலாம். நம்மில் பெரும்பாலோரின் தாத்தா பாட்டி இறங்கிய துறைமுகம் இந்தப் பினாங்குதான். ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தலில் இருந்து, பிறகு தோட்டத்துக்குப் போனவர்கள் அவர்கள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று அமைக்கப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்திருந்த முதலாளிகள் அதற்குப் பணம் கட்ட வேண்டும். வருகிறவரின் கப்பல் செலவு அதிலிருந்து போகும். கங்காணி முறையின் கொடுமைகளை நாம் மறக்கவில்லை. அந்தக் காலத்தைப் புகழவும் இல்லை. ஆனால் ஆளைக் கொண்டு வரும் செலவு, ஆள் தேவைப்படுகிற முதலாளியுடையது என்ற கணக்கு அன்றே எழுதப்பட்டுவிட்டது. இன்று கிராமத்தில் நகையை அடகு வைத்து வருகிறவர் அந்தச் செலவைத் தாமே சுமக்கிறார்.

பத்திரம் இல்லாததன் விலையும் நமக்குத் தெரியும். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-க்குப் பின் கடுமையாக அமலானது. குடியுரிமை எடுத்து வைக்காத தோட்டத் தமிழர்கள் வேலை செய்ய பெர்மிட் கேட்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 பேர் இந்தியா திரும்பியதாக ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். பாரம் பூர்த்தி செய்து கொடுக்க ஆளில்லாமல், காலத்தில் சொல்ல ஆளில்லாமல் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. சிவப்பு அடையாளக் கார்டோடு முதுமை அடைந்தவர்கள் இன்றும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள்.

முதலாளிகள் அறிய வேண்டியது

பெர்மிட் இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால், தலைக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் அல்லது 12 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் என்றால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. “ஏஜெண்டுதான் எல்லாம் பார்த்தார்” என்று சொல்லித் தப்ப முடியாது. கடையும் உங்களுடையது, பெர்மிட்டில் இருக்கும் பெயரும் உங்களுடையது.

அரசாங்கக் கட்டணம் எவ்வளவு என்பதையும் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். தீபகற்பத்தில் உற்பத்தி, கட்டுமானம், சேவைத் துறைகளுக்கு ஆண்டு லெவி 1,850 வெள்ளி. தோட்டம், விவசாயத்துக்கு 640 வெள்ளி. பெர்மிட் கட்டணம் 60 வெள்ளி, செயல்முறைக் கட்டணம் 125 வெள்ளி. விசா, மருத்துவப் பரிசோதனை, காப்புறுதி ஆகியவை தனி. இதற்கு மேல் ஒருவர் ஆயிரக்கணக்கில் கேட்டால், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். 2018 முதல் லெவி முதலாளியின் பொறுப்பு. அதைத் தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

பெர்மிட் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட வேண்டும். நீங்களோ உங்கள் ஏஜெண்டோ அந்தத் தேதியை மறந்தால், நேற்று வரை முறையாக உழைத்தவர் இன்று ‘சட்டவிரோதக் குடியேறி’. அவர் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார்.

தொழிலாளர்கள் அறிய வேண்டியது

கடப்பிதழ் உங்கள் கையில் இருக்கட்டும். பெர்மிட்டில் எந்த முதலாளியின் பெயர், எந்தத் துறை, எந்தத் தேதி வரை என்று பார்த்துப் படம் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். அந்த முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். பணம் கொடுத்தால் வங்கி வழியாகக் கொடுங்கள். சம்பளப் பிரச்சினைக்குத் தொழிலாளர் துறையை அந்நியத் தொழிலாளரும் அணுகலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் பினாங்கிலும் இயங்குகிறது.

பத்திரம் முடிந்துவிட்டவர்களுக்காகத் தாயகம் திரும்பும் திட்டம் ஒன்று 2025 மே 19 முதல் 2026 ஏப்ரல் 30 வரை என்று அறிவிக்கப்பட்டது. அனுமதிக் காலம் கடந்து தங்கியவர்களுக்கு அதில் அபராதம் 500 வெள்ளி. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு ஏஜெண்டு தேவையில்லை. கடப்பிதழோடும் பயணச் சீட்டோடும் நேரில் போனால் போதும்.

சங்கங்கள் செய்யக்கூடியது

நம்மிடம் உணவக உரிமையாளர் சங்கம் உண்டு. முடிதிருத்தும் நிலைய, ஜவுளி, நகை வணிகச் சங்கங்கள் உண்டு. கோயில் மண்டபங்களும் உண்டு. அமைச்சரைச் சந்தித்து ஆள் எண்ணிக்கை கேட்பதோடு இவர்கள் பணி முடிந்துவிடக் கூடாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வழக்கறிஞரையும் உரிமம் பெற்ற முகமையின் அதிகாரி ஒருவரையும் உட்கார வைத்து, தமிழில் விளக்கம் தரலாம். கட்டணப் பட்டியலைச் சுவரில் ஒட்டலாம். புதுப்பிக்கும் தேதியை உறுப்பினர்களுக்கு நினைவூட்டலாம். இதற்குப் பெரிய மானியம் வேண்டாம்.

அந்த இளைஞர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். தேநீர்க் கடை முதலாளியே ஏஜெண்டைத் தொலைபேசியில் பிடித்து, போலீசில் புகார் செய்வேன் என்று சொன்ன பிறகு கடப்பிதழ் திரும்பியது. கொடுத்த பணம் திரும்பவில்லை. 28-ஆம் நாள் அவர் சென்னைக்கு விமானம் ஏறினார். வீட்டு நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் காலம் கடந்து தங்கியவர் என்ற பதிவு அவர் பெயரில் இல்லை. நாளை முறையான வேலை ஒன்று அமைந்தால், அவர் தலை நிமிர்ந்து இதே பினாங்கில் வந்து இறங்கலாம்.