கையெழுத்துக்கு யோக்கியதை உண்டா?

ராயகிரி வட்டாரத்து விவசாயிக்கு உடன்படிக்கை என்றால் என்னவென்று நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு மலையில் செண்பகவல்லி அணைக்கட்டு உடைந்து பல பத்தாண்டுகளாகியும், இரண்டு ராஜ்யங்களுக்குள் கடிதம் போய் வந்ததேயொழிய அணை செப்பனிடப்படவில்லை என்பதை அவர் அறிவார். வெள்ளம் புரண்டோடும்போது தண்ணீர் முறைக்கு உடன்படிக்கை எதற்கு? வறட்சிக் காலத்துக்காகவல்லவா அது எழுதப்படுகிறது?

இதே நியாயத்தைக் கொண்டு இலங்கை விஷயத்தைப் பார்ப்போம். 1987 ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அவ்வருஷம் நவம்பரிலேயே 13-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. மாகாண சபைக்குப் போலீஸ் அதிகாரமும் நில அதிகாரமும் உண்டென்று எழுதியும் வைத்தார்கள். நடந்ததென்ன? அவ்விரண்டும் ஏட்டோடு நின்றன. வடக்கும் கிழக்கும் சேர்ந்த சபை 1990-ல் கலைக்கப்பட்டது. அவ்விணைப்பே செல்லாதென்று 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. வடக்கு மறுபடி சபைத் தேர்தலைக் கண்டது 2013-ல். 2018-ல் அச்சபையின் காலம் முடிந்தது; 2024 கழிந்தும் அடுத்த தேர்தல் வரவில்லை.

கேட்டால், "யுத்தம் நடக்கும்போது அதிகாரப் பங்கீடா?" என்றார்கள். புலிகள் ஆயுதங்களை முழுதும் ஒப்படைக்காததும் ஒப்பந்தத்துக்கு விரோதமே. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சாக்கு 2009 மே மாதத்தோடு தீர்ந்ததா இல்லையா? பிறகு 2022-ல் பொருளாதார நெருக்கடி வந்தது; சாக்கும் புதிதாய்ப் பிறந்தது. கஷ்டம் வந்தால் செல்லாது, சுகம் வந்தால் தேவையில்லை என்றால் அந்தக் காகிதம் எந்தக் காலத்துக்குத்தான் உதவும்?

அந்த நெருக்கடியில் இந்திய சர்க்கார் சுமார் 400 கோடி டாலர் அளவுக்கு உதவிற்று. பசித்தவனுக்குக் கொடுத்தது சரியே. அரிசியைக் காட்டி மிரட்ட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்தியா அங்கே வேடிக்கை பார்க்க வந்த மூன்றாம் மனிதனா? கையெழுத்துப் போட்ட கட்சிக்காரனல்லவா? "தேர்தல் எந்தத் தேதியில்? அதிகாரம் எப்போது?" என்று பகிரங்கமாய்க் கேட்பதும், கிடைத்த பதிலை வருஷந்தோறும் பார்லிமெண்டில் வைப்பதும் அதன் கடமையல்லவா?

ஆகவே தோழர்களே! கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தவனும் கடனைக் கொடுக்காமல் ஓடியதை நாம் பார்த்திருக்கிறோம். சத்தியம் கடனை வசூலிக்காது. விடாமல் கேட்பவன்தான் வசூலிக்கிறான். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிறவரிடம், 1987-ல் போட்ட கையெழுத்து என்னவாயிற்று என்று கேளுங்கள்.