மிச்சம் 51 ஞாயிறு

காட்டுப்பாக்கத்தில் குடும்பத்தோடு எங்கே போகலாம் என்று கேட்டால், முதல் பதில் குயின்ஸ்லாந்துதான். பூந்தமல்லி தாண்டி பழஞ்சூரில் இருக்கிற தீம் பார்க். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் தலைக்கு ஒரு டிக்கெட், அப்புறம் சாப்பாட்டுச் செலவு. கூட வந்த பாட்டிக்கோ பைக்குக் காவல் இருக்கிற வேலை!

அதே பாட்டியை ஒரு தடவை குன்றத்தூர் கூட்டிப் போய்ப் பாருங்கள். முதலில் மாங்காடு காமாட்சியம்மன். அப்புறம் குன்றத்தூர் மலை மேல் முருகன்; படிகளை எண்ணிக்கொண்டே பிள்ளைகள் ஏறிவிடும். முடியாதவர்கள் ஊருக்குள் திருநாகேஸ்வரம் கோயிலில் உட்காரலாம். 12-ம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. கண்ணப்பர் கதை பாட்டிக்குத் தெரியாதா என்ன? அன்றைக்கு அவர்தான் ஹீரோ.

பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி. நிரம்பினால் 24 அடி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே பேசிய ஏரி. வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீருக்குப் பின்னால் இப்படி ஒரு ஏரி இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? தண்ணீரில் மட்டும் இறங்க விடாதீர்கள்.

தீம் பார்க் வேண்டாம் என்றில்லை. வருஷத்துக்கு ஒரு ஞாயிறு போதும். மிச்ச 51 ஞாயிறும் பாட்டிக்கும் சேர்த்துத்தானே? என்ன சொல்றீங்க மக்களே?