இரும்புச் சட்டியை இறக்குங்கள்!

உங்கள் வீட்டுப் பரணில் அகலமான இரும்புச் சட்டி ஒன்று கிடக்கிறதா? பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வதக்க, வறுக்க, கீரை கடைய, குழம்பு வைக்க எல்லாத்துக்கும் அது ஒன்றே போதும். 'கனமா இருக்கு, துருப்பிடிக்குது, குழம்பு கறுத்துப் போகுது' என்பீர்கள். அந்தக் கறுப்பில்தான் விஷயமே இருக்கிறது!

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சித்த மருத்துவத்தில் இதைப் பாண்டு என்போம், அயச்செந்தூரம் கொடுப்போம். அயம் என்றால் இரும்புதான். புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு மாதிரி புளிப்பானவை இரும்புச் சட்டியில் கொதிக்கும்போது கொஞ்சம் இரும்பு அதில் இறங்குகிறது. சட்டி அகலமாக இருந்தால் குழம்பு படுகிற இடமும் அதிகம். வெறும் அப்பளம் பொரித்தால் பலன் சொற்பம்.

"அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?" கூடவே கூடாது! முக்கியமாகக் கர்ப்பிணிகள். சட்டி துணைக்குத்தான். தலசீமியா போல உடம்பில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்களுக்கு இந்தச் சட்டிச் சமையலே வேண்டாம்.

சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். ராத்திரி முழுக்க அதிலேயே கிடந்தால் குழம்பை வாயில் வைக்க முடியாது. கழுவி, ஈரம் போகத் துடைத்து, துளி நல்லெண்ணெய் தடவி வையுங்கள். சாப்பிட்ட கையோடு காபி, டீ வேண்டாம். உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதை அது தடுக்கும். ஒரு மணி நேரமாவது பொறுங்கள். இதைச் சொன்னால்தான் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள்!