குறுக்குச் சட்டம் அடிக்காத கைகாட்டி

ரயில்வேயின் 1976ஆம் ஆண்டுப் பொது விதிகளில் சின்னதாக ஒரு விதி உண்டு. உபயோகத்தில் இல்லாத சிக்னலின் மீது இரண்டு சட்டங்களைப் பெருக்கல் குறி போலக் குறுக்கே அடித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு சட்டமும் ஒரு மீட்டர் நீளத்துக்குக் குறையக் கூடாது. அந்த சிக்னலுக்கு விளக்கும் ஏற்றக் கூடாது. சிக்னல் பிரிவில் 35 வருஷம் குப்பை கொட்டிய எனக்கு இந்த விதியின் மேல் தனி மரியாதை. இது கம்ப்யூட்டர்காரர்களிடம் இன்னும் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் குறை.

ஓர் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரிலுள்ள ஃபைலை இன்னொன்றிலிருந்து திறக்கிறோம் அல்லவா? அதற்கு விண்டோஸ் பின்பற்றும் முறைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது. பழைய விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு அதன் முதல் பதிப்பு மட்டும்தான் தெரியும். பிறகு விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பும், 2012இல் விண்டோஸ் 8உடன் மூன்றாம் பதிப்பும் வந்தன. மூன்றாவதில் தகவலைப் பூட்டி அனுப்பும் வசதி உண்டு, முதலாவதில் கிடையாது.

2017 மே மாதம் வான்னாகிரை என்ற கிருமி, விண்டோஸின் இந்த முதல் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகத்தான் உலகெங்கும் பரவியது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தும், போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஜெர்மனியில் ரயில் நிலையங்களின் அறிவிப்புப் பலகைகளில், பணம் கேட்டு மிரட்டும் கட்டம் வந்து உட்கார்ந்தது. ரயில்காரன் ஆனதாலோ என்னவோ, அந்தப் படம் எனக்கு மறக்கவே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் இதை ஒதுக்கத் தொடங்கினார்கள். லினக்ஸ்காரர்களின் சாம்பா மென்பொருளும் 2019இல் இதைத் தானாக இயங்காதபடி வைத்தது.

சரி, நிறுத்தியாயிற்று. பழைய முறையைச் சொல்லும் காகிதம் என்ன ஆயிற்று?

எனக்குத் தெரிந்த ஒரு சிறு அலுவலகத்தில், ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஸ்கேன் செய்தது கம்ப்யூட்டருக்கு வந்து சேராவிட்டால் என்ன செய்வது என்ற குறிப்பு அது. நான்காவது வரி: எஸ்.எம்.பி. 1.0 என்ற கட்டத்தில் டிக் போடவும். விஷயம் தெரிந்த பையன் ஒருவன் வந்து அதை அணைத்துவிட்டு, தாளை அப்படியே விட்டுப் போனான். திங்கட்கிழமை ஸ்கேன் வரவில்லை. வேலையில் இருந்த பெண் சுவரைப் பார்த்தாள், டிக் போட்டாள், ஸ்கேன் வந்துவிட்டது. அவள் மேல் என்ன தப்பு? எழுதியிருந்தபடி செய்தாள். விளக்கு எரிகிற கைகாட்டியை டிரைவர் நம்பத்தானே செய்வார்!

அணைத்தவனே எழுதவும் வேண்டும், எழுதி முடிக்கும்வரை வேலை முடிந்ததாகக் கணக்கில்லை என்பது என் கட்சி. ஸ்டேஷன் வேலை விதிகள் மாறினால், படித்துப் புரிந்துகொண்டதாக ஸ்டேஷன் மாஸ்டர் முதல் பாயிண்ட்ஸ்மேன் வரை ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுவார்கள். திருத்தச் சீட்டுகளைக் கோந்து தடவி ஒட்டி ஒட்டி எங்கள் விதிப்புத்தகங்கள் இரண்டு பங்கு தடித்துப் போனதும் உண்டு. அதைக் கேலி செய்த இளைஞர்கள் பலர்.

அந்த நான்காவது வரியை அழித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பழக்கப்பட்டவருக்கு அந்த வரி மனப்பாடம். அதனால் வரியை அடித்துவிட்டு, இன்ன தேதியில், இன்ன காரணத்தால் நிறுத்தப்பட்டது, இனி இப்படிச் செய்யவும் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். உதாரணமாக, முதல் பதிப்பை எடுத்துவிட்டால் நெட்வொர்க் ஜன்னலில் மற்றக் கம்ப்யூட்டர்களின் பெயர்கள் தெரியாமல் போகலாம். இணைப்பே போய்விட்டதென்று பதறிப் பழையதைத் திரும்பப் போடுவது இங்கேதான். பெயரை நேராக டைப் செய்தால் திறக்கும் என்ற ஒரு வரி புதுத் தாளில் இருந்தால் அந்தப் பதற்றம் வராது. மெஷினுக்கு இரண்டாம் பதிப்பு தெரியுமா என்றும் பார்த்துக் குறிக்க வேண்டும். தெரியாவிட்டால் ஸ்கேனை மின்னஞ்சலில் அனுப்பும்படி மாற்றலாம், அதுவும் முடியாதென்றால் வேறு மெஷின் வாங்கத்தான் வேண்டும். செலவுதான், என்ன செய்வது! மேஜை இழுப்பறைகளில் கிடக்கும் நகல்களையும் தேடி எடுக்க வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த கடையிலோ ஆடிட்டர் ஆபீஸிலோ சுவரில் ஒட்டியிருக்கும் தாளை அவர்கள் பார்த்துத் திருத்திக் கொடுக்கலாம். ஹிந்தியிலும் எழுதச் சொல்லுங்கள். இந்த ஊரில் அதைப் படித்து டிக் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஹிந்திக்காரர்கள்தான்.