அக்டோபரில் நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

காலாண்டுத் தேர்வு முடிந்து, பெருமழைக்கு முன் ஒரு புழுக்கம் வரும் பாருங்கள், அந்தச் சமயத்தில் நர்சரிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு ஒரு தாள் கொடுக்கிறார்கள். 'இலையுதிர் காலம்' என்று தலைப்பு. கீழே ஒரு மேப்பிள் இலை. அதற்கு ஆரஞ்சு வண்ணம் தீட்ட வேண்டும். நம் ஊரில் அக்டோபரில் எந்த மரம் இலை உதிர்க்கிறது? வடகிழக்குப் பருவமழைக்கு எல்லாம் துளிர்க்கத்தான் செய்கிறது. பழந்தமிழில் ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கூதிர் என்று பெயர். சேரியில் அதற்கு வேறு பொருளும் உண்டு: வேலை இல்லாத காலம், வீட்டுக்குள் தண்ணீர் வருகிற காலம்.

மேப்பிள் இலையை விட்டுவிடலாம். அது அபத்தம்தானே தவிர யாரையும் வகுப்புக்கு வெளியே நிறுத்துவதில்லை. அதே வகுப்பறையில், அதே மாதங்களில், 'நம்ம பண்பாடு' என்ற பெயரில் நடக்கிற மற்றவற்றைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

புரட்டாசியிலிருந்து தொடங்குவோம். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, மற்ற பதினொரு மாதமும் கறி தின்கிற சாதி இந்து வீடுகள் கறியை நிறுத்துகின்றன. நாமக்கல்லில் முட்டை விலை இறங்குவது வியாபாரச் செய்தியிலேயே வந்துவிடும். அவரவர் வீட்டில் அவரவர் நிறுத்திக்கொள்ளட்டும், நமக்கு வழக்கில்லை. ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளை கேட்கிறது: "புரட்டாசியில கறி சாப்பிடுறியா, நீங்க எந்த ஆளு?" ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? சாதியை விசாரிக்கத் தெரியாத வயதில் டப்பாவை விசாரிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். அடுத்த நாள் நம் பிள்ளை அம்மாவிடம் சொல்கிறது: "எனக்குத் தயிர்சாதம் போதும்." இதைச் சுவை மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்கிற பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சுவை மாறவில்லை, தோழர்களே. பிள்ளைக்குத் தன் சாப்பாட்டின் மேல் வெட்கம் வந்திருக்கிறது.

அடுத்து நவராத்திரி. பள்ளி வரவேற்பறையில் கொலு வைக்கிறார்கள், ஆளுக்கொரு பொம்மை கொண்டுவரச் சொல்கிறார்கள். மேல் படியில் கடவுளர், அதற்குக் கீழே மகான்கள், அதற்கும் கீழே செட்டியார் கடை, காய்கறிக்காரி, கல்யாணக் கோஷ்டி. அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைச் சமூகவியல் முதுகலையில் ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு அதை ஒரே பார்வையில் பாடமாக்க முடியும் என்பதைக் கொலுவில்தான் கண்டேன். அந்தப் படிகளைக் கூட்டிப் பெருக்குகிற ஆளுக்கு மட்டும் பொம்மை கிடையாது.

"இதெல்லாம் கலை, அழகு, ஏன் அரசியலாக்குகிறீர்கள்" என்பார்கள். சரி, சட்டத்தையே பேசுவோம். அரசமைப்புச் சட்டத்தின் 28(1) பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது என்கிறது. 28(3) இன்னும் முக்கியம். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற எந்தப் பள்ளியிலும், பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் பிள்ளையை மத வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. சரஸ்வதி பூஜையன்று வரிசையில் நிறுத்திக் கும்பிடச் சொல்கிற எத்தனை பள்ளிகள் நம் வீட்டுக்கு ஒப்புதல் படிவம் அனுப்பியிருக்கின்றன? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், கையில் கட்டும் வண்ணக் கயிற்றையும் நெற்றிக் குறியையும் பள்ளியில் தடுக்கச் சொன்னது. உடனே எவ்வளவு கூச்சல்! மாணவன் கையிலிருக்கும் கயிறு நமக்குத் தெரிகிறது. பள்ளியே கட்டிக்கொண்டிருக்கும் கயிறு யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆயுத பூஜையைப் பற்றி ஒன்று மட்டும். அன்று மாலை ஒவ்வொரு கடை வாசலிலும் குங்குமம் தடவிய பூசணிக்காயை நடுரோட்டில் போட்டு உடைக்கிறார்கள். திருஷ்டி கழிந்துவிடுகிறது. மறுநாள் விடியுமுன் அந்தத் திருஷ்டியைக் கையால் அள்ளுகிறவர் யார்? அவர் வீட்டுப் பிள்ளை, பூசணியில் சறுக்கி விழுந்த பைக்குகளைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டு வளர்கிறது. தீபாவளி மறுநாளும் இதே கதைதான். சென்னையில் மட்டும் நூறு டன்னுக்கு மேல் பட்டாசுக் குப்பை அகற்றியதாக மாநகராட்சி பெருமையோடு அறிவிக்கும். எடை போட்டுச் சொல்கிறார்கள். அள்ளியவர்களின் பிள்ளைகள் அன்று காலை யாரோடு பண்டிகை கொண்டாடினார்கள் என்று எந்தச் செய்திக்குறிப்பும் சொல்வதில்லை.

தீபாவளிச் செலவு எங்கிருந்து வருகிறது என்பதும் நமக்குத் தெரியும். சீட்டு, குழுக் கடன், மேஸ்திரியிடம் முன்பணம். விடுமுறையில் பிள்ளைகளே வேலைக்குப் போவதும் உண்டு. 2023 அக்டோபர் 7ஆம் தேதி, ஓசூருக்கு அப்பால் கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தருமபுரி முதலான மாவட்டங்களிலிருந்து பண்டிகைக் கால வேலைக்குப் போன இளைஞர்கள். அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். பள்ளி திறந்ததும் 'நான் தீபாவளி கொண்டாடிய விதம்' என்று கட்டுரை எழுதச் சொல்கிற ஆசிரியர்கள், ஒரு வருடமாவது இந்த விதத்தையும் எழுத அனுமதிப்பார்களா?

இதுவரை எழுதியது நமக்குப் பழக்கமான கோபம். கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் இன்று நான் சண்டை போட வந்தது ஊரோடு மட்டுமல்ல, நம்மோடும்தான்.

நாம் பிள்ளைகளுக்கு என்ன செய்திருக்கிறோம்? தீபாவளி வேண்டாம், அது அசுரனைக் கொன்ற நாள். கொலு வேண்டாம், அது பார்ப்பனியம். விஜயதசமி வேண்டாம். சரிதான், எல்லாம் சரிதான். பிறகு அக்டோபர் 14 வருகிறது. தெருமுனையில் மேடை, நீலக்கொடி, ஒலிபெருக்கி. ஆறு மணிக் கூட்டம் எட்டேகாலுக்குத் தொடங்குகிறது. பதினோரு ஆண்கள் பேசுகிறார்கள். நன்றியுரைக்குப் பெண்கள் அணிப் பொறுப்பாளர். முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் பிள்ளைகள் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருக்கும். மாலை நேரப் படிப்பகம் நடத்தும் பகுதியொன்றில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "எல்லாத்தையும் வேணாம் வேணாம்னு சொல்றீங்க. எம்புள்ள எதத்தான் வேணும்னு கேக்கும்?"

நம் இயக்கங்கள் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி இது. பெரியவர்களுக்குக் கொள்கை போதும் என்றுகூட வைத்துக்கொள்வோம். பிள்ளைக்குப் பண்டிகை என்றால் தலையில் எண்ணெய், புதுச்சட்டை, வாயில் இனிப்பு, கையில் விளக்கு, ராத்திரி நேரம் கழித்துத் தூங்க அனுமதி. இதில் ஒன்றைக்கூடக் கொடுக்காமல், இருந்ததை மட்டும் பிடுங்கினால், அந்த வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்காது. மூன்றாம் வகுப்பிலேயே அதை நிரப்ப ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். விநாயகர் சதுர்த்திக்குச் சேரிக்குள் சிலை எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். யாரும் வாதம் செய்து நுழையவில்லை. டிரம் செட்டும் சுண்டலும் கொண்டு நுழைந்தார்கள்.

நாள்காட்டியின் பலம் என்ன என்று எதிரிக்கு நன்றாகத் தெரியும். ஆர்.எஸ்.எஸ். தொடங்கப்பட்டது 1925 விஜயதசமியில், நாக்பூரில். அண்ணலுக்கும் அது தெரிந்திருந்தது. 1935 அக்டோபர் 13 அன்று இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தவர், இருபத்தொரு ஆண்டு கழித்து 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் தீட்சை பெற்றார். அந்த ஆண்டு விஜயதசமி அன்றுதான் வந்தது. அசோகர் பௌத்தம் தழுவியதன் நினைவாக அதை அசோக விஜயதசமி என்றார்கள். ஊர் ஆர்.எஸ்.எஸ்.ஸுக்காகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை, நாகர்களின் நிலம் என்பதால்தான் என்று மறுநாள் பேச்சில் அவரே விளக்கினார். கவனியுங்கள்: பண்டிகை நாளை அவர் வெறும் புறக்கணிப்பு நாளாக விடவில்லை. வெள்ளை உடுத்தி வந்த லட்சக்கணக்கான மக்களுக்கு மும்மணிகளையும் ஐந்து ஒழுக்கங்களையும் 22 உறுதிமொழிகளையும் கொடுத்தார். எதை விடவேண்டும் என்பதோடு, எதைச் செய்யவேண்டும் என்பதும் அந்த உறுதிமொழிகளில் இருக்கிறது.

இன்றும் அந்த நாட்களில் தீட்சாபூமிக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கைக்குழந்தையோடு ரயிலேறி, திறந்தவெளியில் படுத்து, வரிசையில் நின்று தூபியைப் பார்க்கிறார்கள். சுற்றிலும் புத்தகக் கடைகள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி பேத்திக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிற திருவிழா இந்தியாவில் வேறு எது? நம் ஊரில் விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைத்து வித்யாரம்பம் என்கிறார்கள். அரசுப் பள்ளிகளிலும் அன்றைக்குச் சேர்க்கை நடக்கிறது. சேர்க்கை நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் நம் குழந்தைகளின் எழுத்து அரிசித் தட்டில் தொடங்கியதில்லை. 1848இல் புனேயில் பூலே இணையர் பெண்களுக்குத் திறந்த பள்ளி, 1894இல் சென்னையில் ஆல்காட் பறையர் பிள்ளைகளுக்குத் திறந்த இலவசப் பள்ளி, இப்படிச் சண்டைபோட்டுத் திறந்த கதவுகளில் தொடங்கியது. அந்தக் கதையைச் சொல்லி விரல் பிடித்து எழுதவைப்பதற்கு ஏன் நமக்கு ஒரு நாள் இல்லை?

புதிதாகக் கண்டுபிடிக்கவும் வேண்டாம். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர், தீபாவளியை நரகாசுரனிடமிருந்து பிரித்து, எள்நெய்யைக் கண்டறிந்ததோடும் பௌத்த சங்கத்தோடும் சேர்த்து விளக்கினார். கார்த்திகை தீபத்தை ஆமணக்கு நெய்யோடு சேர்த்தார். அதை வரலாறாக ஏற்கலாமா என்று ஆய்வாளர்கள் வாதாடட்டும், எனக்கும் கேள்விகள் உண்டு. ஆனால் அவர் செய்த வேலையைப் பாருங்கள். பிள்ளையின் தலையிலிருந்து எண்ணெயைப் பிடுங்கவில்லை, எண்ணெய்க்கு வேறு கதை கொடுத்தார். மழைக்காலம் தொடங்கும்போது நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு ஒரு கொலை தேவையில்லை.

ஜார்க்கண்டிலும் வங்கத்திலும் உள்ள அசுர் பழங்குடியினர் மகிஷனைத் தங்கள் முன்னோன் என்கிறார்கள். ஊரே துர்கா பூஜை கொண்டாடுகையில் அவர்கள் துக்கம் காத்திருக்கிறார்கள். கொண்டாட்டம் மட்டுமா மரபு? துக்கமும் பிள்ளைக்குக் கொடுக்கத்தக்க மரபுதான், அதற்குக் காரணம் சொல்லப்பட்டால். 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் மரபாகாது.

எனக்கு வரப்போகும் பதில்கள் தெரியும். "இன்னொரு சடங்கை உண்டாக்குகிறீர்கள், பகுத்தறிவு எங்கே?" இப்படிக் கேட்கிற தோழர்களில் பலர் வீட்டில் தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போனவர்கள். போனதைக் குற்றம் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பாயசம் காய்ச்சுவதில் மட்டும் பகுத்தறிவு குறுக்கே வருவதைத்தான் சொல்கிறேன். "எங்கள் வீடு கிறித்தவ வீடு" என்பவர்களுக்கு: அக்டோபர் 14 அன்று யாரும் உங்களை மதம் மாறச் சொல்லவில்லை. சாதியிலிருந்து வெளியேறிய நாளைக் கொண்டாட எல்லா வீட்டுக்கும் உரிமை உண்டு. உங்கள் கல்லறைத் தோட்டத்திலும் சுவர் நிற்கிற ஊர்கள் இருக்கின்றனவே.

"இதையும் பெண்கள் தலையில்தான் கட்டுவீர்கள்" என்ற பதிலை மட்டும் நான் முழுக்க ஏற்கிறேன். பண்டிகை என்றாலே அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருப்பது என்றிருந்தால் நம் பண்டிகையும் அதே பண்டிகைதான். ஆகவே மேடையில் பேசுகிற அந்தப் பதினோரு பேரில் ஆறு பேராவது அன்று அடுப்படியில் நிற்கட்டும். மாட்டுக்கறி பிரியாணி சமைக்கத் தெரிந்தவர்கள் நம் இயக்கத்தில் ஏராளம், மாநாட்டில் பார்த்திருக்கிறோம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. செப்டம்பர் முதல் வாரத்திலேயே உங்கள் பகுதிப் பெற்றோர் நான்கு பேரோடு பள்ளித் தலைமையாசிரியரைப் பாருங்கள். 28(3) பிரிவைக் குறிப்பிட்டு, வழிபாட்டுக்கு ஒப்புதல் கேட்காமல் பிள்ளைகளை நிறுத்தக்கூடாது என்று மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் சரஸ்வதி பூஜையன்று அது யாருக்கும் நினைவிருக்காது. தெருவுக்கு ஒரு பத்து ரூபாய்ச் சீட்டு இப்போதே தொடங்கினால் அக்டோபரில் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வாங்கலாம், கடன் வேண்டாம். 13ஆம் தேதி ராத்திரி இயோலா கதை, 14ஆம் தேதி காலை எண்ணெய்க் குளியல், வெள்ளைச் சட்டை, பாயசம், கறி. மழை வந்தால் படிப்பகத்துக்குள். கூட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆறு மணி என்று போட்டால் ஆறு மணிக்குத் தொடங்குங்கள். முதல் அரைமணி நேரம் மைக்கைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், அவர்கள் எட்டு மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார்கள்.