உதவிப் பணம் பிச்சைப் பணமல்ல!

அண்மையில் பேராக்கில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். முன்பு ரப்பர்த் தோட்டம். இப்போது முழுக்கச் செம்பனை. நம்மவர்களே நிறைந்திருந்த லயங்களில் இன்று பாதிக்கு மேல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். கடைசி லயத்தில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாவைச் சந்தித்தோம். பதினான்கு வயதில் உளியைக் கையில் பிடித்தவர். முப்பத்தெட்டு வருடம் பால் மரம் வெட்டி, வாளி சுமந்து, தோள்பட்டை காய்த்துப் போனவர். மருமகன் இன்னும் தோட்டத்தில் வேலை செய்வதால் தங்க ஒரு வீடு இருக்கிறது. அந்த ஒருவர் சம்பளத்தில் ஆறு பேர் சாப்பிடுகிறார்கள்.

"வெல்பர் ஆபீசில் மனுப் போட்டீர்களா அம்மா?" என்று கேட்டோம்.

"அது எதுக்கு தம்பி? ஒழைச்சுத் தின்ன கை இது. சர்க்காரு காசுக்குக் கை நீட்ட நான் என்ன பிச்சைக்காரியா?" என்றார்.

அவர் பேசிக்கொண்டிருந்தபோது, வாசல் படியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன். பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஓ.கே.யு. கார்டும் எடுக்கவில்லை. "அவன் அப்படித்தான் தம்பி. நான் இருக்கிற வரைக்கும் பார்த்துக்குவேன்" என்றார் தாய்.

நான் இருக்கிற வரைக்கும்! அந்த வார்த்தைதான் வழி நெடுக நம் மனதை உறுத்தியது. அதற்குப் பிறகு?

தோழர்களே, அந்தத் தாயின் தன்மானத்தை நாம் மதிக்கிறோம். அந்த ரோஷம் இல்லாவிட்டால் நம் முன்னோர்கள் இந்தக் காட்டைத் தோட்டமாக்கியிருக்க முடியாது. ஆனால் ரோஷத்தைக் காட்ட வேண்டிய இடம் இதுவல்ல. உதவிப் பணத்தைப் பிச்சைப் பணம் என்று நினைப்பது பெரிய தவறு.

கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம். 1907ஆம் ஆண்டிலேயே தமிழ்க் குடியேற்ற நிதி என்று ஒன்று தொடங்கப்பட்டது. தோட்ட முதலாளிகள் தங்கள் ஆள் கணக்குக்கு ஏற்ப அதில் பணம் கட்ட வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் 1958இல் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறியது. உழைத்து ஓய்ந்து ஆதரவில்லாமல் போனவர்களைப் பராமரிப்பதும் அதன் கடமைகளில் ஒன்று. 1999இல் அந்த நிதி சட்டப்படி கலைக்கப்பட்டது. தனி நிதி போய்விட்டது; ஆனால் உழைத்தவனை முதுமையில் பார்த்துக்கொள்ளும் கடமை போய்விடவில்லை. அது நாட்டின் பொதுக் கடமையாகி, சமூக நல இலாகாவின் கையில் இருக்கிறது. நாம் வெட்டிய பாலும் அறுத்த குலையும் இந்த நாட்டின் கஜானாவை நிரப்பவில்லையா? அதில் ஒரு பங்கு நமது கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் திரும்பி வருவது எப்படிப் பிச்சையாகும்?

என்னென்ன உதவி இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியவில்லை. 60 வயதைத் தாண்டி, வருமானமில்லாமல், காப்பாற்ற ஆளில்லாமலோ, இருந்தும் அவர்களுக்கு வசதியில்லாமலோ இருக்கும் குடிமக்களுக்கு மாதாந்திர முதியோர் உதவி உண்டு. 500 வெள்ளியாக இருந்த அந்தத் தொகை 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 600 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. வேலை செய்ய முடியாத உடற்குறையுள்ளோருக்கான மாத உதவி 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 300 வெள்ளியாக்கப்பட்டது. உடற்குறையோடு வேலைக்குப் போகும் குறைந்த வருமானக்காரர்களுக்கு அதே ஆண்டில் அறிவிக்கப்பட்ட படி 450 வெள்ளி. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பராமரிப்பதற்கும் தனியாக ஓர் உதவி இருக்கிறது.

"எங்களுக்குத்தான் எஸ்.டி.ஆர். வருதே, அதுதானே இது?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. 2012இல் பிரிம் என்று தொடங்கி, பெயர் மாறி மாறி எஸ்.டி.ஆர். ஆகியிருப்பது வேறு. சமூக நல இலாகாவின் மாத உதவி வேறு. அது வருவதால் இதைக் கேட்கக் கூடாது என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ளாதீர்கள்.

"வீட்டுல ஒருத்தர் சம்பாதிச்சா கொடுக்க மாட்டாங்களாம்" என்பது இன்னொரு பேச்சு. இதுவும் முழு உண்மையல்ல. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டுக்கு மேலா கீழா என்று பார்க்கிறார்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சராசரி வறுமைக் கோட்டு வருமானம் ஒரு குடும்பத்துக்கு மாதம் 2,589 வெள்ளி. இடத்தையும் குடும்பத்தின் அளவையும் பொறுத்து இது கூடும், குறையும். 2025இல் அமலுக்கு வந்த குறைந்தபட்ச சம்பளமோ 1,700 வெள்ளி. ஒருவர் சம்பளத்தில் ஆறு பேர் சாப்பிடும் வீடு எந்தப் பக்கம் விழும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கப்படும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண், காது, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்ட குறை என ஏழு வகையாகப் பிரித்து இலாகா பதிவு செய்கிறது. ஆனால் யாரும் வீடு தேடி வந்து எழுதிக்கொண்டு போக மாட்டார்கள். நாமேதான் போய்ப் பதிய வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் டாக்டர் சோதித்து எழுதிக் கொடுத்த பாரத்தை இலாகாவில் கொடுத்தால் ஓ.கே.யு. கார்டு கிடைக்கும். அந்தக் கார்டு இருந்தால் அரசாங்க மருத்துவமனையில் கட்டண விலக்கு, ரயில் பயணத்தில் சலுகை எல்லாம் உண்டு. 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இன்று நாடெங்கும் இருக்கின்றன. அங்கே இப்படிப்பட்டவர்களுக்குப் பழக்கமும் பயிற்சியும் கொடுக்கிறார்கள். பிள்ளையை லயத்து வீட்டின் மூலையில் உட்கார வைத்து "எல்லாம் விதி" என்று பெருமூச்சு விடுவதால் யாருக்கு என்ன லாபம்? தாய் கண்ணை மூடும் முன் அந்த மகனின் பெயர் பதிவேட்டில் ஏறியிருந்தால், நாளை அவனைத் தேட ஓர் இலாகாவாவது இருக்கும்.

வேலை செய்யும் வயதிலேயே விபத்தாலோ நோயாலோ முடங்கிப் போனவர்கள் முதலில் சொக்சோவைப் பார்க்க வேண்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் சம்பளத்தில் பிடித்த காசு அது. சந்தா நிபந்தனை பொருந்தினால் முடக்க பென்சன் கிடைக்கும். "மாண்டோர் ஒண்ணும் சொல்லலையே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

இனி நெஞ்சைச் சுடும் விஷயத்துக்கு வருவோம். இந்த மாத உதவிகள் குடிமக்களுக்கு மட்டும்தான். இங்கேயே பிறந்து இங்கேயே மரம் வெட்டி நரைத்துப் போனவர், பிறப்புப் பத்திரம் இல்லாததாலோ, அந்தக் காலத்தில் மனுச் செய்யத் தவறியதாலோ இன்றும் சிவப்பு ஐ.சி.யோடு இருந்தால் அவருக்குக் கதவு சாத்தப்படுகிறது. 2018 ஆகஸ்டில், 60 வயதைத் தாண்டிய, தகுதியுள்ள சிவப்பு ஐ.சி. இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்குவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த அறிவிப்பு ஒவ்வொரு தோட்டத்திலும் கடைசி லயம் வரை போய்ச் சேர வேண்டும். எண்பது வயதுக் கிழவரிடம் இன்னும் எத்தனை பத்திரம் கேட்கப் போகிறோம்? தோட்டத்து செக்ரோல் புத்தகத்தில் ஏறிய வியர்வை ஒரு சாட்சியாகாதா? இந்த முதியவர்களுக்கு அதிகாரிகள் தனிக் கவனம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை சொன்னோம். நமக்கு நாமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள வேண்டும். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். ஐ.சி., வங்கிப் புத்தகம், குடும்ப வருமானத்துக்கு அத்தாட்சி, இவற்றை எடுத்துக்கொண்டு மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குப் போங்கள். நடக்க முடியாதவர்கள் 15999 என்ற தாலியான் காசே எண்ணுக்குத் தொலைபேசி செய்து விவரம் கேட்கலாம். பாரத்துக்குக் காசு கிடையாது. நிரப்பித் தர ஐம்பது வெள்ளி, நூறு வெள்ளி கேட்பவனிடம் ஏமாறாதீர்கள். அதிகாரி வீட்டுக்கு விசாரணைக்கு வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மனு தள்ளப்பட்டால் ஏன் என்று கேளுங்கள். மறுபடியும் போடுங்கள்.

பட்டணத்துக்குப் போய்விட்ட பிள்ளைகளே, அரசாங்கம் கொடுக்கிறதே என்று பெற்றவர்களைக் கை கழுவிவிடாதீர்கள். அறுநூறு வெள்ளி மருந்துக்கும் அரிசிக்கும் கொஞ்சம் உதவும். பெற்ற மகனின் முகத்துக்கு அது ஈடாகாது.

தோட்டத்து இளைஞர்களிடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கோயில் திருவிழாவுக்கு வீடு வீடாக வசூலுக்குப் போகிறீர்களே, அதேபோல ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு லயம் லயமாகப் போங்கள். அறுபது வயதைத் தாண்டியவர் யார், சிவப்பு ஐ.சி. யாரிடம், கார்டு எடுக்காத பிள்ளை எந்த வீட்டில் என்று எழுதுங்கள். மலாய்மொழி தெரிந்த இரண்டு பேர் பாரம் நிரப்பட்டும். மோட்டார் சைக்கிள் உள்ள இருவர் ஆபீசுக்கு அழைத்துப் போகட்டும். தோட்டத்துக்கு நாலு பேர் போதும்.

நாம் பார்த்த அந்தத் தாய் கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு வேணாம் தம்பி. அவனுக்கு வேணும்னா எழுதிக் குடுங்க" என்றார். மகனுக்கான பாரத்தை எழுதிவிட்டு, அவருக்கும் சேர்த்து ஒன்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் திரும்பினோம். உங்கள் தோட்டத்துக் கடைசி லயத்தில் இருப்பவருக்கு எழுதிக் கொடுக்கப் போவது யார்?