மல்டியா, சிங்கிளா? முதல்ல மண்ணைக் கேளுங்க

"அண்ணா, மெட்டல் டிடெக்டர் வாங்கப் போறோம். சிங்கிள் ஃப்ரீக்வென்சி எடுக்கிறதா, மல்டி எடுக்கிறதா?" இந்த செமஸ்டர்ல மட்டும் இந்தக் கேள்வியை மூணு ஜூனியர்ஸ் கேட்டுட்டாங்க. யூட்யூப்ல யாரோ ஒருத்தர் இங்கிலாந்து வயல்ல நடக்கிறார், மெஷின் கத்துது, தோண்டினா வெள்ளிக் காசு. பார்த்த உடனே நமக்கும் ஆசை வர்றது நியாயம்தான். ஆனா கேள்வியோட வரிசை தப்பு. எதைத் தேடுறோம், எந்த மண்ணுல தேடுறோம், அது யாரோட மண்ணு. இந்த மூணுக்கும் பதில் சொல்லிட்டுத்தான் ஃப்ரீக்வென்சி பக்கமே போகணும். மூணாவது கேள்வியை யாருமே கேட்கிறதில்லைங்கிறதுதான் என்னோட உண்மையான வருத்தம். அதுக்குக் கடைசியில வர்றேன்.

முதல்ல டெக்னிக்கல் பக்கம். காயில்ல ஏசி கரண்ட் விடுறோம், மாறிக்கிட்டே இருக்கிற காந்தப்புலம் மண்ணுக்குள்ள போகுது, அங்கே இருக்கிற உலோகத்துல எட்டி கரண்ட் ஓடுது, அந்தக் கரண்ட் உண்டாக்கிற குட்டிப் புலத்தை இன்னொரு காயில் பிடிக்குது. இவ்வளவுதான் மெட்டல் டிடெக்டர். உள்ளே இருக்கிற காசை ஒரு இண்டக்டரும் ஒரு ரெசிஸ்டரும் சேர்ந்த சர்க்யூட்டா நினைச்சுக்கோங்க. அதோட டைம் கான்ஸ்டன்ட், அதாவது எல் பை ஆர், தான் இங்கே ஹீரோ. பெரிய, தடிமனான வெள்ளிக் காசுக்கு அது அதிகம். அரிசி அளவு தங்கத் துணுக்குக்கு ரொம்பக் கம்மி.

கணக்கு போட்டே பார்த்துடலாம். ஒரு தங்கத் துணுக்கோட டைம் கான்ஸ்டன்ட் 2 மைக்ரோசெகண்ட்னு வெச்சுக்குவோம். 5 கிலோஹெர்ட்ஸ்ல ஒமேகாவையும் டைம் கான்ஸ்டன்டையும் பெருக்கினா 0.06 தான் வருது. அதுவே 45 கிலோஹெர்ட்ஸ்ல 0.57. ஃபர்ஸ்ட் ஆர்டர் ஃபார்முலாவுல போட்டா ரெசிஸ்டிவ் பகுதி கிட்டத்தட்ட 7 மடங்கு கூடுது. அதனாலதான் தங்கத் துணுக்கு தேடுறவங்க மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000 மாதிரி 45 கிலோஹெர்ட்ஸ் மெஷினையும், ஃபிஷர் கோல்ட் பக் 2 மாதிரி 71 கிலோஹெர்ட்ஸ் மெஷினையும் தூக்கிட்டுப் போறாங்க.

அப்போ எல்லாத்துக்கும் ஹை ஃப்ரீக்வென்சியே வாங்கிடலாமேன்னு தோணும். இங்கேதான் நிறைய வீடியோக்கள் தப்பா சொல்லுது. "ஹை ஃப்ரீக்வென்சிக்கு வெள்ளி தெரியாது"ன்னு அடிச்சு விடுவாங்க. தெரியாமல் எல்லாம் போகாது, பிரிச்சுச் சொல்லத்தான் தெரியாது. ரெண்டு காசை எடுத்துக்கோங்க: ஒண்ணோட டைம் கான்ஸ்டன்ட் 100 மைக்ரோசெகண்ட், இன்னொண்ணு 200. 5 கிலோஹெர்ட்ஸ்ல ரெண்டோட ஃபேஸும் 72 டிகிரி, 81 டிகிரின்னு வரும். நடுவுல 9 டிகிரி இடைவெளி இருக்கு, மெஷின் நிம்மதியா பிரிச்சுடும். 45 கிலோஹெர்ட்ஸ்ல அதே ரெண்டும் 88, 89 டிகிரி. ஒரே ஒரு டிகிரி வித்தியாசத்தை மண்ணு நாய்ஸ்ல எங்கே போய்த் தேடுறது? காசு தேடுறதுக்கு வர்ற மெஷின்கள் பெரும்பாலும் நடுத்தரமா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். கேரட் ஏஸ் 300 மெஷின் 8 கிலோஹெர்ட்ஸ். ஏடி ப்ரோ 15 கிலோஹெர்ட்ஸ்.

சரி, மல்டி ஃப்ரீக்வென்சி என்ன பண்ணுது? இது உண்மையிலேயே நல்ல ஐடியா, ஆனா கடைக்காரர் சொல்ற காரணத்துக்காக இல்லை. "எல்லா ஆழத்தையும் எல்லா உலோகத்தையும் ஒரே நேரத்துல பார்க்கும்"னு விளம்பரம் சொல்லும். நான் அதை லீனியர் அல்ஜீப்ராவா பார்க்கிறேன். ஒரு ஃப்ரீக்வென்சியில நமக்குக் கிடைக்கிறது ரெண்டே நம்பர்: ரெசிஸ்டிவ் ஒண்ணு, ரியாக்டிவ் ஒண்ணு. இரும்புச்சத்து இருக்கிற மண்ணோட சிக்னல் ஏறக்குறைய ரியாக்டிவ் பக்கம் உட்கார்ந்திருக்கும். உப்புத் தண்ணியோட சிக்னல் ரெசிஸ்டிவ் பக்கம். காய்ஞ்ச வயல்ல மண்ணை மட்டும் கழிச்சுட்டா போதும், மீதி ஒரு நம்பர் நம்ம காசுக்கு இருக்கு. ஈரமான கடற்கரை மணல்ல மண்ணையும் கழிக்கணும், உப்பையும் கழிக்கணும். ரெண்டையும் கழிச்சா கையில ஒண்ணுமே மிச்சமில்லை. இன்னொரு ஃப்ரீக்வென்சி சேர்த்தா நாலு நம்பர் ஆகுது. ரெண்டைக் கழிச்சாலும் ரெண்டு மிச்சம். ஈரக் கடற்கரையில மல்டி ஜெயிக்கிறதுக்கு இதுதான் காரணம்.

அதனால "எத்தனை ஃப்ரீக்வென்சி"ங்கிற எண்ணிக்கைப் போட்டியில எனக்கு நம்பிக்கை இல்லை. மைன்லேபோட ஈ-ட்ராக் மாதிரியான பழைய மாடல்களுக்கு 1.5 முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் 28 ஃப்ரீக்வென்சின்னு விளம்பரம் பண்ணாங்க. சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் பாஸ் பண்ண யாருக்கும் தெரியும்: ஒரு ஸ்கொயர் வேவ் விட்டாலே மூணாவது, அஞ்சாவது, ஏழாவது ஹார்மோனிக்னு வரிசையா வந்துடும், ஒவ்வொண்ணும் முன்னதை விட மெலிஞ்சு. ஒன்பதாவது ஹார்மோனிக்கோட அளவு முதலாவதுல ஒன்பதுல ஒரு பங்குதான். ஆன்டெனாவுல எத்தனை ஃப்ரீக்வென்சி இருக்குங்கிறது முக்கியமில்லை, ரிசீவர் எத்தனையை உருப்படியா அளந்து கணக்குல சேர்க்குதுங்கிறதுதான் முக்கியம். இன்னொரு விஷயம், பேட்டரி ஒண்ணுதான். இருக்கிற சக்தியைப் பல ஃப்ரீக்வென்சிக்குப் பங்கு போடணும். மைன்லேப் ஈக்வினாக்ஸ் 800 மாதிரி நல்ல மல்டி மெஷின்லயே 5, 10, 15, 20, 40 கிலோஹெர்ட்ஸ்னு தனித்தனி சிங்கிள் மோடும் கொடுத்திருக்காங்க. தேவை இல்லைன்னா கொடுத்திருப்பாங்களா?

மூணாவது குடும்பம் ஒண்ணு இருக்கு: பல்ஸ் இண்டக்ஷன். இதுல சைன் வேவே கிடையாது. ஒரு பலமான பல்ஸ் விட்டு, டக்னு நிறுத்தி, சில மைக்ரோசெகண்ட் காத்திருந்து, அப்புறம் வர்ற எதிரொலியைக் கேட்கும். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத் தங்க வயல்கள்ல இரும்பு நிறைஞ்ச செம்மண் சாதாரண மெஷினைக் கத்த வெச்சே கொன்னுடும். அங்கே பல்ஸ் இண்டக்ஷன்தான் ராஜா. ஆனா இதுக்கும் விலை உண்டு. 10 மைக்ரோசெகண்ட் காத்திருக்கிறதுக்குள்ள நம்ம 2 மைக்ரோசெகண்ட் துணுக்கோட சிக்னல் நூத்துல ஒரு பங்குக்கும் கீழே போயிடும். அதோட, ஆணியா நகையான்னு பிரிச்சுச் சொல்றதுல இது ரொம்ப வீக். ஆணி அதிகம் கிடக்கிற பழைய வயல்ல இதைத் தூக்கிட்டுப் போனா நாள் முழுக்க ஆணிதான் பொறுக்கணும்.

எந்த மோடு வெச்சாலும் தாண்ட முடியாத ரெண்டு சுவர் இருக்கு. ஒண்ணு, ஆழம். காயில்ல இருந்து கீழே போற புலம் தூரத்தோட மூணாவது அடுக்குல குறையுது, திரும்பி வர்றதும் அதே மாதிரி. மொத்தம் ஆறாவது அடுக்கு. ஆழம் ரெண்டு மடங்கானா சிக்னல் 64ல ஒரு பங்கு. அதனாலதான் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஒரு தனிக் காசு ஒரு முழத்துக்குக் கீழே போயிட்டா கிடைக்கிறது கஷ்டம். ரெண்டாவது சுவர், குப்பை. அலுமினிய டின் மூடியில இருக்கிற வளையமும் தங்க மோதிரமும் டைம் கான்ஸ்டன்ட்ல ஒரே தெருவுல குடியிருக்கு. எந்த ஃப்ரீக்வென்சியும் அதை நிச்சயமா பிரிச்சுச் சொல்லாது. தோண்டித்தான் பார்க்கணும்.

இந்த ஆறாவது அடுக்கை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டா ஒரு பெரிய மோசடியில இருந்து தப்பிக்கலாம். ஆன்டெனா மாதிரி ஒரு கம்பி, கைப்பிடி, "50 அடி ஆழத் தங்கத்தையும் காட்டும்"னு பேச்சு. இதெல்லாம் லட்சக்கணக்குல விலை சொல்லி விக்கிறாங்க. இது சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லை. ஏடிஇ 651னு ஒரு கருவியை வெடிகுண்டு கண்டுபிடிக்கும்னு சொல்லி ஈராக் செக்போஸ்ட்டுகளுக்கு வித்தாங்க. அது அடிப்படையில கோல்ஃப் பந்து தேடித் தரும்னு விக்கிற ஒரு விளையாட்டுப் பொருள். உள்ளே உருப்படியா ஒண்ணுமே இல்லை. அதை வித்த பிரிட்டிஷ்காரருக்கு 2013ல 10 வருஷம் ஜெயில். அந்தக் கம்பியை நம்பி எத்தனை வண்டிகளைச் சோதிக்காம விட்டிருப்பாங்கன்னு யோசிங்க.

மண்ணும் சுற்றுப்புறமும் மெஷினை விட முக்கியம்ங்கிறது புதுசா கண்டுபிடிச்ச உண்மையும் இல்லை. 1881ல அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் சுடப்பட்டப்போ, உடம்புக்குள்ள இருக்கிற குண்டைத் தேட கிரஹாம் பெல் ஒரு இண்டக்ஷன் கருவி செஞ்சு எடுத்துட்டு வந்தார். கருவி ஓகே. ஆனா படுக்கையில இரும்பு ஸ்ப்ரிங். டாக்டர் வலது பக்கம் மட்டும்தான் தேட விட்டார், குண்டு இருந்தது இடது பக்கம். ஜனாதிபதி பிழைக்கலை.

இப்போ மூணாவது கேள்வி. அது யாரோட மண்ணு?

நாம பார்க்கிற வீடியோ எல்லாம் இங்கிலாந்துல எடுத்தது. அங்கே நிலத்துக்காரர் அனுமதி வேணும், பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் இருக்கிற இடத்துல அனுமதி இல்லாம டிடெக்டர் பயன்படுத்தினாலே குற்றம். 1996 புதையல் சட்டப்படி, புதையல்னு தோணுற எதையும் 14 நாளுக்குள்ள அதிகாரிகிட்ட சொல்லியாகணும். மியூசியம் வாங்கினா கண்டுபிடிச்சவருக்கும் நிலத்துக்காரருக்கும் பணம் போகும். 2009ல ஸ்டாஃபோர்ட்ஷயர்ல கிடைச்ச தங்கப் புதையலுக்கு 32.85 லட்சம் பவுண்ட் மதிப்பு போட்டு, ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி கொடுத்தாங்க. சட்டப்படி புதையல்ல சேராத சின்னப் பொருளைக் கூடப் பதிவு பண்ண 1997ல இருந்து தனியா ஒரு திட்டம் நடக்குது. 10 லட்சத்துக்கும் மேல பொருள்கள் அதுல பதிவாகியிருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1992ல ஹாக்ஸன் கிராமத்துல நடந்தது. ஒரு விவசாயி தொலைச்ச சுத்தியலைத் தேட நண்பர் டிடெக்டரோட போறார். கிடைச்சது ரோமானியக் காலத்துத் தங்கம், வெள்ளி. கொஞ்சம் எடுத்ததுமே அவர் தோண்டுறதை நிறுத்திட்டுத் தகவல் சொல்லிட்டார். அடுத்த நாளே தொல்லியல் குழு வந்து மீதியை எடுத்துச்சு. அதனாலதான் எந்தப் பொருள் எதுக்குப் பக்கத்துல, எப்படி அடுக்கியிருந்துச்சுன்னு இன்னைக்கும் நமக்குத் தெரியுது. சுத்தியலும் கிடைச்சுது, இப்போ அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. அந்த மனுஷன் என்ன மெஷின், எத்தனை கிலோஹெர்ட்ஸ்னு யாராவது கேட்கிறாங்களா? நிறுத்தினதுதான் அவரோட சாதனை.

நம்ம ஊர்ல நிலைமை வேற. 1878ல போட்ட இந்தியப் புதையல் சட்டம்தான் இன்னும் நடைமுறையில இருக்கு. 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கிடைச்சா கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும், மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். 10 ரூபாய்! 1972 சட்டம் நூறு வருஷத்துக்கு மேலான காசு, சிலை எல்லாத்தையும் தொல்பொருள்னு சொல்லுது. சட்டம் பழசுன்னு நானும் ஒத்துக்கிறேன். கண்டுபிடிச்சவனைத் திருடன் மாதிரி பார்க்காம, பதிவு பண்ண ஒரு சுலபமான வழி நமக்கும் வேணும்னுதான் நானும் சொல்வேன். ஆனா அது வர்ற வரைக்கும் "நானே தோண்டிக்கிறேன்"ங்கிறதுக்கு அது காரணம் ஆகாது.

ஏன்னா, மண்ணுக்குள்ள இருக்கிற காசு வெறும் பொருள் இல்லை, டேட்டா. கரூர் அமராவதி ஆத்து மணல்ல இருந்து சங்க காலக் காசுகள், ரோமானியக் காசுகள் நிறையவே கிடைச்சிருக்கு. ஆனா ஆத்து மணல்ல அரிச்சு எடுத்த காசுக்கு எந்த அடுக்கு, பக்கத்துல என்ன பானை, என்ன கரின்னு எதுவும் தெரியாது. டைம்ஸ்டாம்ப் இல்லாத சென்சார் ரீடிங் மாதிரி. ஆத்துல அதை இயற்கை செஞ்சுது. ஒரு மேட்டுல நாம டிடெக்டர் வெச்சுக் குழி போட்டா, அதே அழிவை நம்ம கையாலயே செய்யறோம். அதைத் திரும்ப எடுக்க பேக்கப் எதுவும் கிடையாது.

அப்போ டிடெக்டரே தொடக் கூடாதா? அப்படிச் சொல்லலை. என் கருத்து இதுதான். கத்துக்கணும்னா வாங்காதீங்க, செய்யுங்க. ரெண்டு ஆஸிலேட்டர், ஒரு காயில் இருந்தா பீட் ஃப்ரீக்வென்சி டிடெக்டர் ஒரு வாரத்துல ரெடி. ஒரு மாஸ்ஃபெட்டும் மைக்ரோகன்ட்ரோலரும் இருந்தா பல்ஸ் இண்டக்ஷனும் முடியும். லேப்ல ஒரு வாளி காய்ஞ்ச மணல், ஒரு வாளி உப்புத் தண்ணி ஊத்தின மணல் வெச்சு, நாமே புதைச்ச ஒத்தை ரூபாய்க் காசைத் தேடுங்க. ஆறாவது அடுக்கு உண்மையான்னு நீங்களே கிராஃப் போடுங்க. மினி ப்ராஜெக்ட் வைவாவுல இதுக்குக் கிடைக்கிற மரியாதையே தனி.

வாங்கியே ஆகணும்னா: காய்ஞ்ச மண்ணுல, நேத்து தொலைஞ்ச மோதிரம், சாவி தேடிக் கொடுக்க ஒரு சாதாரண சிங்கிள் ஃப்ரீக்வென்சி மெஷினே போதும். கடற்கரையில அலை தொடுற இடத்துல தேடணும்னா மட்டும் மல்டிக்குக் கூடுதல் காசு கொடுங்க. பல்ஸ் இண்டக்ஷனை ஆஸ்திரேலியாக்காரங்களுக்கு விட்டுடுங்க. கோயில் பக்கம், பழைய மேட்டுப் பக்கம், தொல்லியல் துறை போர்டு வெச்ச இடம் பக்கம் எந்த மெஷினும் வேண்டாம். வீடு கட்டக் குழி தோண்டும்போது ஏதாவது பானையோ காசோ தட்டுப்பட்டா, ஹாக்ஸன்காரர் மாதிரி கையை எடுத்துட்டு விஏஓவுக்கோ தாசில்தாருக்கோ ஒரு போன் போடுங்க.